சாவடித்துறையில் எட்டாம் படி

பிப்ரவரி 12, திங்கள்

ஜெயித்தாயிற்று. தாலுகா அலுவலகத்தில் இரண்டரை மணி நேரம் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. போகட்டும், சாவடித்துறை மூடப்படாது.

புதுப் பாலம் கட்டி முடிகிறவரை, பதினெட்டு மாதம், துறையை அடைத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் தரப்பில் கேட்டிருந்தார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்துவிட்டுப் பதினெட்டு மாதம் குழாயடியில் குளிக்க வேண்டுமாம். கேட்பவனுக்கு வெட்கம் வேண்டாமா? நான் போட்ட மனுக்கள் மட்டும் பதினொன்று. கடைசியில் தாசில்தார் இறங்கி வந்தார். காலை ஆறு முதல் எட்டரை வரை குளிக்கலாம். ஒன்பது மணிக்குப் பால வேலை ஆரம்பம். தண்ணீரில் நீல டிரம் கட்டிய கயிறு ஒன்று போடுவார்கள், அதைத் தாண்டக் கூடாது. துறைக்குழு சார்பில் ஒருவர் தினமும் படி பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான்தான், பிரமநாயகம், ஆவண எழுத்தர். வேறு யார்?

படி பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். துறைக்கு மொத்தம் பதினான்கு படி. மேலிருந்து எண்ணினால் எட்டாம் படி காய்ந்திருக்க வேண்டும். அப்படியென்றால் கயிறு வரைக்கும் இடுப்பளவுதான் தண்ணீர். "இன்னைக்கு எத்தன?" "எட்டு." அவ்வளவுதான் பேச்சு, துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

பாலத்துப் பொறியாளர் நவநீதன், நாமக்கல் பக்கத்துப் பையன், முப்பது வயதிருக்கும். எழுந்து நின்று சொன்னான்: "படி தண்ணி மட்டத்தத்தானுங்க காட்டும். அடியில மண்ணு எப்படி இருக்குதுன்னு வாரம் ஒருக்கா கோல் போட்டு அளந்துக்கலாமுங்க."

"எங்க ஆத்துக்கு நீரு ஆழம் சொல்லுதீரோ? எங்க தாத்தா காலத்துலயிருந்து படிதான் வே கணக்கு" என்றேன். கூட்டம் சிரித்தது. தாசில்தார் அந்தச் சரத்தைப் பேனாவால் அடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி வடிவிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தை ஒரு கையால் உரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாளைக்குப் போவலாமா?" என்று மட்டும் கேட்டாள். பொதுநலனுக்காக ஒருவன் பதினொரு மனு போட்டிருக்கிறான், அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பிப்ரவரி 13, செவ்வாய்

படி எட்டு.

போன ஆடியில் வடிவுக்கு இடதுபக்கம் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தரையில் நாலுகால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடிவதில்லை. பிடிமானம் இல்லாமல் நின்றால், ஒரு தோசை சுட்டு எடுக்கிற நேரம்தான் தாக்குப்பிடிப்பாள். தண்ணீரில் அப்படி இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் உடம்பின் பாரம் தெரியாது, நடந்து பழகட்டும் என்று பிசியோதெரபி டாக்டர் சொன்னார்.

பெண்கள் துறைக்கும் ஆண்கள் துறைக்கும் நடுவில் ஆள் உயர மதில். நான் அந்தப் பக்கம் போக முடியாது. ஜெபமணியின் மனைவி ரூத்துதான் வடிவைத் தண்ணீருக்குள் கூட்டிப்போகிறாள். ஜெபமணி லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார், எங்கள் அடுத்த வீடு. ரூத்து வடிவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடப்பாள். சத்துணவு அமைப்பாளர் அல்லவா, குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போவாள். நானும் ஜெபமணியும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். அதாவது ஜெபமணி கேட்பார். நான் குளிப்பேன்.

இன்று பத்தொன்பது அடி.

பிப்ரவரி 26, திங்கள்

படி எட்டு. இருபத்தாறு அடி. இருபதுக்கு மேல் ரூத்து கையை விட்டுவிட்டாளாம், தானாகவே நடந்தாளாம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வடிவு சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது, எரிச்சல்.

மார்ச் 4, திங்கள்

மதியம் நவநீதன் என் கடைக்கே வந்துவிட்டான். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுத வரும் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"சார், இத்தன நாளா தண்ணி அக்கரப் பக்கம் போயிட்டு இருந்துச்சுங்க. நாளானிக்கி அந்தப் பக்கத்த மண் அணை போட்டு அடைக்கறோம். தண்ணி பூராவும் உங்க பக்கந்தான் திரும்புமுங்க. துறைக்கு முன்னாடி மணல் அரிச்சுப் பள்ளமாயிடும். ஒரு பத்து நாள் மூடி வெச்சு, அளந்து பாத்துட்டுத் தெறந்துக்கலாமுங்க."

"எழுத்துல கொண்டாரும்" என்றேன்.

"எழுதுனா மேல இருக்கறவங்க நெரந்தரமாவே மூடச் சொல்லிடுவாங்க. உங்க சம்சாரம் நடந்து பழகறாங்கன்னு கேள்விப்பட்டேனுங்க. அதான் வாயால சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

என் வீட்டு விஷயத்தை இவனுக்கு யார் சொன்னது? பத்து நாள் என்று ஆரம்பித்துப் பதினெட்டு மாதமாக்குகிற தந்திரம் எனக்குத் தெரியாதா? பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். எழுத்தில் இல்லாத வார்த்தையை எந்த அலுவலகமும் கணக்கில் எடுக்காது.

குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. கலவரப்படுத்த வேண்டாமே என்றுதான்.

மார்ச் 8, வெள்ளி

படி எட்டு. முப்பத்தோரு அடி.

பார்த்தீரா, அணை போட்டு இரண்டு நாளாகிறது. படி அப்படியேதான் இருக்கிறது.

ஜெபமணி குளித்துவிட்டு ஏறும்போது, "தண்ணி கொஞ்சம் இழுக்குல்லா அண்ணாச்சி?" என்றார். "உம்ம வயசுக்கு எல்லாந்தான் வே இழுக்கும்" என்றேன். சிரித்தார்.

மார்ச் 11, திங்கள்

படி எட்டு.

ரூத்தின் எண்ணிக்கை பத்தொன்பதோடு நின்றது. பிறகு சத்தமில்லை. நான் மதில் பக்கம் போய், "என்ன ரூத்து?" என்று கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, மதினிக்குக் கெண்டக்கால் பிடிச்சிட்டு" என்றாள்.

வடிவு ஏறி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. வீட்டில் தைலம் தேய்த்துவிடப் போனேன், காலைக் காட்டவில்லை. "விடுங்க, சரியாயிட்டு" என்றாள்.

மார்ச் 12, செவ்வாய்

படி எட்டு. வடிவு ஆழத்துக்குப் போகவில்லை. படியை ஒட்டியே குறுக்காக நடந்திருக்கிறாள். அங்கே முழங்கால் அளவுதான் தண்ணீர், அதில் நடந்து என்ன பிரயோசனம்? கேட்டதற்கு, "தைரியம் வரல" என்றாள். இவளுக்காக, அதாவது இவளைப் போன்றவர்களுக்காக, நான் தொண்டை கிழியக் கத்துகிறேன். இவளுக்குத் தைரியம் வரவில்லையாம்.

மார்ச் 13, புதன்

படி எட்டு.

மதியம் மூன்று மணிக்குத் துறைக்குப் போனேன். அந்நேரம் யாரும் இருக்க மாட்டார்கள். கொல்லையில் துணி காயப்போடும் கொடிக்கம்பைக் கொண்டுபோயிருந்தேன். பெண்கள் துறையில் இறங்கி, படியிலிருந்து கயிற்றை நோக்கிக் குத்திக்குத்திப் போனேன். முதலில் இடுப்பளவு. அப்புறம் மார்பளவு. கயிற்றுக்கு நாலு முழம் முன்னால் கம்பு முழுசாக உள்ளே போனது. ஆறடிக் கம்பு. என் கையும் மணிக்கட்டு வரை போனது. தரை தட்டவில்லை.

கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கரையில் இயந்திரம் தூண் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

சொல்லலாம். சொன்னால் நாளைக் காலையே துறையை அடைத்துவிடுவார்கள். என் வாயாலேயே மூடச் சொன்னதாக ஆகும். அவள் இப்போதுதான் முப்பத்தொன்று நடந்திருக்கிறாள்.

கயிற்றின் முளையைப் பிடுங்கி, பள்ளத்துக்கு இந்தப் பக்கமாக இழுத்துக் கட்டினேன். தனியாளாக அதைச் செய்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. இனி ஆபத்தில்லை. யாராவது கேட்டால் கம்பெனிக்காரர்கள் மாற்றிக் கட்டினார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

குறிப்பேட்டில் படி எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கிறது. கம்பு எவ்வளவு போனது என்று எழுதக் கட்டம் இல்லை.

மார்ச் 14, வியாழன்

படி எட்டு. "கயித்த இப்படிச் சுருக்கிக் கட்டிட்டானுவளே, எடமே இல்ல மதினி" என்று ரூத்து கத்துவது கேட்டது. வடிவு, "இது போதும் ரூத்து" என்றாள். எனக்கு ஆச்சரியம். இடம் போதாது என்று முதலில் சண்டைக்கு நிற்க வேண்டியவள் அவள்.

மார்ச் 15, வெள்ளி

படி எட்டு. முகூர்த்த நாள், ஆறு கிரயப் பத்திரம். இன்னொரு முறை கம்பு போட்டுப் பார்க்க நினைத்தேன். நேரமில்லை.

மார்ச் 17, ஞாயிறு

படி எட்டு. இன்றும் போகவில்லை. திங்கள் மதியம் பார்க்கலாம்.

மார்ச் 18, திங்கள்

படி எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறே கால் மணி.

ரூத்து எண்ண ஆரம்பித்தாள். இன்றைக்குக் கயிறு வரைக்கும் போயே தீர வேண்டும் மதினி என்று முதலிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். வடிவு வேண்டாம் என்றாள். "நான் பிடிச்சிருக்கேம்லா, வாங்க" என்றாள் ரூத்து. ஏழு. எட்டு. நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு வரவில்லை.

பிறகு வடிவின் குரல். வார்த்தை இல்லை, வெறும் குரல். ஜெபமணி மதிலை எட்டிப் பிடித்து ஏறினார். நான் சுற்றிக்கொண்டு ஓடினேன். வடிவு மார்பளவுத் தண்ணீரில் தனியாக நின்றாள். ரூத்தைக் காணோம். சேலைத் தலைப்பு மட்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது, அதுவும் போய்விட்டது. ஜெபமணி குதித்தார், இழுவையில் அவரால் திரும்ப முடியவில்லை. அக்கரைக் கொட்டகையில் தங்கிப் பால வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளிகள் மூன்று பேர் மண் அணையிலிருந்து குதித்து, கீழே வெகுதூரத்தில் ரூத்தைப் பிடித்தார்கள். ஜெபமணியையும் அவர்கள்தான் கரையேற்றினார்கள். ரூத்துக்கு மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எழுதுகிறேன். நான் கட்டிய கயிற்றையும் தாண்டிப் பள்ளம் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. ரூத்து இன்னும் கண் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

துறையை அடைத்துவிட்டார்கள். ரூத்துக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நுரையீரலில் தண்ணீர்.

ஊரே பாலத்தடியில் மறியல். நவநீதனைக் கைது செய் என்று கோஷம். ஜெபமணி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நீங்க தெனமும் எட்டு எட்டுன்னு எழுதி வச்சிருக்கிய. அதுதான் நமக்குச் சாட்சி. படி சரியா இருந்திருக்கு, பள்ளத்த வெட்டுனது அவனுவ. ஒரு மனு எழுதுங்க. நீங்க எழுதுனா எவனும் தப்ப முடியாது."

எழுதுகிறேன் என்றேன்.

மார்ச் 20, புதன்

தாலுகா அலுவலகத்தில் விசாரணை. குறிப்பேட்டைப் புரட்டினார்கள். எல்லாப் பக்கத்திலும் எட்டு. எல்லாப் பக்கத்திலும் என் கையெழுத்து.

மணல் அரிக்கும் என்று எச்சரித்தாயா என்று நவநீதனைக் கேட்டார்கள். "வாயால சொன்னேனுங்க." யாரிடம்? அவன் என்னைப் பார்த்தான். வெறுமனே பார்த்தான், பெயர் சொல்லவில்லை. "துறைக்குழுகிட்டச் சொன்னேனுங்க."

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "சொன்னாராங்கய்யா?"

"எழுத்துல எதுவும் வரல" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் வெளியே வந்ததும் கூட்டம் அவன் சட்டையைப் பிடித்தது. போலீஸ்காரர் இருவர் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாம். என்ன மனிதன் நான், அந்த ஜீப் திரும்புகிறவரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வடிவு கேட்டாள். "அந்தப் பையன் உங்ககிட்டச் சொன்னானா?"

"எழுத்துல…"

"எழுத்த விடுங்க. சொன்னானா?"

"சொன்னான்." கம்பு போட்டுப் பார்த்ததையும் சொன்னேன். கயிற்றை இழுத்துக் கட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கும் தெரியும். அன்னைக்குக் கெண்டக்கால் பிடிக்கல. தரையே இல்ல. கால் சும்மா கீழ போச்சு, ரூத்து கையில தொங்கிட்டு நின்னேன். அவளுக்கு அது புரியல. நானும் சொல்லல. சொன்னா மூடிருவாங்க. நான் மட்டும் கரைய ஒட்டியே நடந்துக்கிட்டேன். பின்னால பாக்காம நடக்கவ அவ. அவளுக்குச் சொல்லாம இருந்துட்டேன்."

பிறகு, "முங்கும்போது என் கையத்தான் பிடிச்சிருந்தா. நான் உருவிக்கிட்டேன்" என்றாள்.

வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருவரும் சாப்பிடவில்லை.

மார்ச் 21, வியாழன்

ரூத்து கண் திறந்துவிட்டாள். பேசுகிறாள். ஜெபமணி போனில் அழுதார். நானும் அழுதேன். அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிஷமே, மனு எழுதிட்டியளா அண்ணாச்சி என்று கேட்டார்.

மதியம் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதினேன். பன்னிரண்டாவது மனு. மார்ச் நான்காம் தேதி பொறியாளர் நவநீதன் என் கடைக்கு வந்து சொன்னது. பதின்மூன்றாம் தேதி நான் அளந்தது. கயிற்றை நகர்த்தியது. அதற்குப் பிறகும் ஐந்து நாள் எட்டு என்று மட்டும் எழுதியது. பொறியாளர் மீது குற்றமில்லை, குற்றம் என்னுடையது. ஒன்றரைப் பக்கம். எவ்வளவோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இவ்வளவு நேரம் எதற்கும் ஆனதில்லை.

வடிவு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "என் பேரு இல்லியே?" என்றாள்.

"உன் பேரு எதுக்கு? குறிப்பேட்டுல கையெழுத்து என்னுது."

அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 22, வெள்ளி

காலையில் தாசில்தாரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். படித்துவிட்டு அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. போலீசுக்கு அனுப்புவோம், கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. ஜெபமணியிடம் நகலைக் கொடுத்தேன். வராந்தாவில் நின்றபடி படித்தார். தனக்குச் சாதகமான மனு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார். இரண்டாம் பத்தியில் உதடு அசைவது நின்றுவிட்டது. முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "மதினிக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

மார்ச் 23, சனி

தெரியாது என்று நேற்று ஜெபமணியிடம் சொன்னதை இன்று மத்தியானம் சாப்பிடும்போது வடிவிடம் சொன்னேன். உன் பெயர் வராமல் பார்த்துக்கொண்டேன் என்கிற எண்ணத்தில் சொன்னேன். கையைக் கழுவிவிட்டாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"ஆட்டோ கூப்பிடுங்க."

நாலிலிருந்து ஐந்து வரை பார்வையாளர் நேரம். பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விட மாட்டார்கள். ஜெபமணி வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து மரத்தடிக்குப் போய்விட்டார். வடிவு ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு தனியாக உள்ளே போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து எந்தக் குரலும் கேட்கவில்லை. எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு மணி அடித்த பிறகுதான் வந்தாள். ரவிக்கை முதுகில் ஒட்டும்படி வியர்த்திருந்தது. இடதுகால் வெடவெடவென்று ஆடியது. பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

ஆட்டோவில் ஏறிய பிறகு கேட்டேன். "என்ன சொன்னா?"

"எல்லாத்தையும் சொன்னேன். கைய உருவுனதையும் சொன்னேன். செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா."

"உக்காரச் சொல்லலியா?"

"இல்ல."

"அப்ப இவ்வளவு நேரம் என்ன செஞ்ச?"

"நின்னேன்."

"கம்பப் பிடிச்சுக்கிட்டா?"

"அதத் தள்ளி வச்சுட்டேன்."

வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாளைக்கும் மூணரைக்கு வரச் சொல்லுங்க" என்றாள். ஆட்டோக்காரரிடம் சொல்லி அனுப்பினேன்.